அந்த 16 யாருடையது?

"பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. அப்புறம் எதுக்குத் தம்பி இத்தனை வேலை?"

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவருடைய மண்டிக்குச் சின்னதாக ஓர் இணையதளம் உண்டு. எப்போதோ யாரோ செய்து கொடுத்தது. சீசன் நாட்களில் அன்றைய விலையை அதில் ஏற்றுவார்கள். சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு போன் போட்டுப் பேசுவார்கள். போனில் பக்கம் சரியாக வரவில்லை, பார்த்துக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தார். நிறத்தையோ படத்தையோ எழுத்தின் அளவையோ நான் தொடவில்லை. உள்ளே இருந்த எச்.டி.எம்.எல்.லை, அதாவது எது தலைப்பு, எது பட்டன் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிகளை, மட்டும் முழுக்கப் பிரித்து, தலைப்பைத் தலைப்பாக, அட்டவணையை அட்டவணையாக, பட்டனைப் பட்டனாகத் திரும்ப எழுதினேன். பழைய பக்கத்தை ஒரு போனிலும் புதியதை இன்னொரு போனிலும் திறந்து மேசைமேல் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறித் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. காசு கொடுப்பவர் அவர்; கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கூகுள் பக்கத்தை எளிதாகப் புரிந்துகொள்ளும், போனில் எழுத்துப் பிதுங்காது, நாளைக்கு வேறு ஆள் வந்து மாற்றினாலும் சிரமமில்லை என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாமே உண்மைதான். "யோசிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் பழசே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் சொன்ன காரணங்கள் எனக்கே போதவில்லை. பார்க்க ஒன்றாக இருக்கும் இரண்டு பக்கங்கள் எப்படி ஒன்றில்லை என்பதை, கம்ப்யூட்டர் படிக்காத ஒருவருக்கு ஒரே வரியில் சொல்லத் தெரிய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற பலரும் "செமான்டிக் மார்க்கப்" (ஒவ்வொன்றையும் அதன் பொருளுக்கு உரிய குறியால் எழுதுவது) என்றால் அது கூகுளுக்குச் செய்யும் சேவை என்றோ, ஒழுங்காகக் கோட் எழுதுபவர்களின் பெருமை என்றோதான் நினைத்திருக்கிறார்கள். பக்கத்தைப் பயன்படுத்துகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

விரல்விட்டு எண்ணியவர்

போச்சம்பள்ளி பக்கம் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பா வைத்த மாந்தோப்பை அவருடைய தம்பி பார்த்துக்கொள்ள, காயை யாருக்கு, எந்த விலைக்கு, எப்போது தள்ளுவது என்பதையெல்லாம் இவர்தான் போனிலேயே பேசி முடிப்பார். லேப்டாப்பில் என்விடிஏ வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் சேர்ந்து வளர்த்த திரைவாசிப்பான் அது; திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும். 2006ல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அண்ணன் அதை ஓடவிடும் வேகத்துக்கு என் காது ஈடுகொடுக்காது. தமிழா தெலுங்கா என்று பிரித்தறிவதற்குள் அவர் மூன்று வரி தாண்டியிருப்பார்.

ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது மண்டி விலைப் பக்கத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அதையா? அது ஒரு கூத்து, இரு காட்டறேன்" என்று லேப்டாப்பைத் திறந்தார். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அவர் முதலில் தட்டுவது எச் என்ற எழுத்தை. அதைத் தட்டினால் திரைவாசிப்பான் அடுத்த தலைப்புக்குத் தாவும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களிடம் வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் கருத்துக்கணிப்புகளில், நீளமான பக்கத்தில் வேண்டியதைத் தேடப் பத்தில் ஏழு பேர் அளவுக்குத் தலைப்புகளைத்தான் நம்புவதாகச் சொல்கிறார்கள். நாம் கண்ணால் மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் ஓட்டுகிறோமே, அவர்களுக்கு அந்த ஓட்டம் இந்த எச்தான். மண்டிப் பக்கத்தில் எச் தட்டியதும், அடுத்து தலைப்பே இல்லை என்று சொல்லிவிட்டது. திரையில் "இன்றைய விலை" என்று பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது வெறும் டிவ், உள்ளே இருப்பது என்ன என்று எதுவும் சொல்லாத பெட்டிக் குறி. அளவைக் கூட்டி, தடிமன் ஏற்றிய சாதா எழுத்து. அடுத்து அட்டவணைக்குப் போக டி தட்டினார். அட்டவணையும் இல்லை. கண்ணுக்கு மட்டும் கோடு போட்ட அழகான அட்டவணை தெரிகிறது.

பிறகு கீழ் அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். ரகம். பெங்களூரா. செந்தூரா. அல்போன்சா. பீத்தர். நீலம். மல்கோவா. இமாம்பசந்த். பங்கனப்பள்ளி. காலாப்பாடு. ஒவ்வொரு பெயருக்கும் இடது கையில் ஒரு விரல் மடங்கியது. ஒரு கை முடிந்து மறுபடியும் முதல் விரலுக்கு வந்தது. அதற்குப்பின் "முதல் தரம்" என்றது, வரிசையாக எண்கள். அதற்குப்பின் "இரண்டாம் தரம்", மறுபடியும் எண்கள். பக்கத்தைச் செய்தவர் மூன்று நெடுக்குப் பெட்டிகளை எடுத்து, முதல் பெட்டியில் பெயர்களை எல்லாம், இரண்டாவதில் முதல்தர விலைகளை எல்லாம், மூன்றாவதில் இரண்டாம்தர விலைகளை எல்லாம் போட்டு, பக்கம் பக்கமாக நிறுத்தியிருந்தார். கண்ணுக்கு அது வரிசைகளாகத் தெரியும். காதுக்கு அது ஒன்பது பெயர், பிறகு ஒன்பது எண், பிறகு இன்னொரு ஒன்பது எண். மண்டிக்குக் கூடைகளை ஒரு வண்டியிலும் பெயர் எழுதிய துண்டுச்சீட்டுகளை இன்னொரு வண்டியிலும் அனுப்பியதைப் போல.

அண்ணன் எண்களுக்கு வலது கை விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். "தம்பி, இந்த 16 யாரோடது? நீலமா, பீத்தரா?" திரையைப் பார்த்து, நீலம் என்றேன். "பாத்தியா. இதுக்கு ஒருத்தர் பக்கத்துல வேணும். யாரும் இல்லேன்னா மண்டிக்கே போன் போட்டுக் கேட்டுருவேன். சீசன்ல அவங்க எடுக்கறதுக்குள்ள பொழுது போயிரும்" என்றார்.

அவர் லேப்டாப்பிலேயே என் சோதனைப் பிரதியின் முகவரியைத் திறந்தேன். என்ன மாற்றியிருக்கிறேன் என்று எதுவும் சொல்லவில்லை. பழக்கத்தில் எச் தட்டினார். மண்டியின் பெயர், முதல்நிலைத் தலைப்பு. மறுபடி தட்டினார். இன்றைய விலை, இரண்டாம்நிலைத் தலைப்பு. டி தட்டினார். அட்டவணையின் பெயரைச் சொல்லி, இத்தனை வரிசை, இத்தனை நெடுவரிசை என்றது. அதற்குப்பின் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நகர்ந்தார். விலை நெடுவரிசையில் கீழே இறங்க இறங்க, எண்ணுக்கு முன்னால் ரகத்தின் பெயரைத் தானாகவே சொல்லிக்கொண்டு வந்தது. பீத்தர், இவ்வளவு. நீலம், 16. வலப்பக்கம் நகர்ந்தால் இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டு விலையைச் சொன்னது. ரகங்களின் பெயரை வரிசைத் தலைப்பு என்றும், தரங்களை நெடுவரிசைத் தலைப்பு என்றும் அந்த டேபிளில் குறித்திருந்தேன், அவ்வளவுதான். அவர் மேலும் கீழும் போய், நேராக இமாம்பசந்துக்குத் தாவி, திரும்பவும் பெங்களூராவுக்கு வந்தார். இரண்டு கையும் விசைப்பலகை மேலேயே இருந்தன.

"ஆபீஸ்ல எக்ஸெல் தொறந்தா எந்தக் கட்டத்துல நிக்கறேன்னு சொல்லிரும். வெப்சைட்ல மட்டும் வராது. நம்ம மிசின்லதான் ஏதோ செட்டிங் தப்புன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

எனக்கு எல்லாம் மாறிய இடம் அதுதான். வேறு யாரோ அவசரத்தில் போட்ட மூன்று டிவ்களின் பழியை அவர் தன் கருவி மேலும், அதைவிடத் தன் மேலும் போட்டுக்கொண்டிருந்தார். இப்படித்தான் நடக்கும். பக்கம் மோசமாக இருந்தால் அதைச் செய்தவரை யாரும் திட்டுவதில்லை. தனக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். மண்டிக்காரரின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடைத்தது அன்றைக்குத்தான்: பழைய பக்கத்தில் 16 இருக்கிறது, அது யாருடையது என்பது இல்லை, புதிய பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன.

தமிழ் போலத் தெரிந்த எழுத்துகள்

தமிழில் இணையம் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல என்றும் தோன்றியது. ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண் என்று வைத்த யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் தமிழ்த் தளங்களில் உலவியவர்களுக்கு நினைவிருக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த "அம்மா" திரையில் அம்மா என்றே தெரியும். உள்ளே இருப்பது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாத ஆங்கிலக் கிறுக்கல். தேடினால் அகப்படாது. நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் உருவம் கலையும். படித்துக் காட்டும் மென்பொருளுக்கோ அங்கே தமிழே இல்லை. பார்க்கத் தமிழாக இருந்தால் போதும், அது தமிழாகவே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம் என்று அன்றைக்கும் சிலர் கேட்டார்கள். வருடக்கணக்கில் வாதாடித்தான் யூனிகோடு நிலைத்தது. 2010ல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக அறிவித்தது. இன்று ஒரு வரித் தமிழைத் தேட முடிகிறது, மொழிபெயர்க்க முடிகிறது, காதால் கேட்க முடிகிறது என்றால் எழுத்து எழுத்தாகவே உள்ளே இருப்பதால்தான். (கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அச்சில் போவதால் அங்கே பாதகமில்லை.)

எழுத்துக்குச் செய்ததைப் பக்கத்துக்கு நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை. தலைப்பு போலத் தெரியும் எழுத்து, அட்டவணை போலத் தெரியும் பெட்டிகள், பட்டன் போலத் தெரியும் வண்ணக் கட்டம். இந்த "போல" எல்லாம் பாமினி காலத்து விவகாரம்தான், ஒரு மாடி மேலே. தேவையான குறிகள் ஒன்றும் புதிதாக வந்தவையும் இல்லை. படிவப் பெட்டிக்குப் பெயர் சொல்ல லேபிள், பெட்டிகளின் தொகுப்புக்கு ஃபீல்ட்செட், அட்டவணைத் தலைப்புக்கு ஸ்கோப் எல்லாம் 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0லேயே இருந்தன. பக்கத்தின் பகுதிகளைப் பிரித்துச் சொல்லும் ஹெடர், நாவ், மெயின், ஆர்ட்டிகிள் போன்றவை 2014ல் எச்.டி.எம்.எல். 5 முறையான பரிந்துரையானபோது நிலைபெற்றன. கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும்.

கண் தெரிந்தவர்களுக்கும்

பார்வையற்றவர்களுக்கு மட்டும்தானே இது என்று ஒரு குரல் எழும். "மட்டும்" என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அது போதாதா? இருந்தாலும், வேறு யாருக்கெல்லாம் பயன்படுகிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, வேலைக்கு விண்ணப்பம் என்று காலையிலிருந்து இரவு வரை அடுத்தவர் படிவத்தை நிரப்புவதுதான் அங்கே இருக்கும் தங்கையின் வேலை. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் மவுஸைத் தொடவே மாட்டாள். டேப், டேப், ஸ்பேஸ், டேப், என்டர் என்று விரல் போய்க்கொண்டே இருக்கும். கண் எதிரே நிற்பவரின் ஆதார் அட்டையில் இருக்கும். படிவத்தை உரிய குறிகளால் செய்திருந்தால் இந்த ஓட்டம் தடைபடாது. டிவ்வைப் பட்டனாக வேஷம் கட்டிய இடம் வந்தால் டேப் அதில் நிற்காமல் தாண்டிவிடும். என்டர் தட்டினாலும் அசையாது. அவள் மவுஸைத் தேட வேண்டும். ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் என்று தேர்ந்தெடுக்கும் வட்டங்களுக்கு லேபிள் இணைக்கவில்லை என்றால், அந்தச் சின்ன வட்டத்தின் மேலேயே துல்லியமாகக் குறிவைக்க வேண்டும். இணைத்திருந்தால் பக்கத்தில் இருக்கும் சொல்லைத் தட்டினாலே போதும். போனில் கட்டைவிரலால் நிரப்பும் வயதானவர்களுக்கு இந்த ஒன்று எவ்வளவு பெரிய உதவி என்பதை என் அம்மா காஸ் புக் பண்ணும்போது பார்க்கிறேன். பெட்டிக்குள்ளேயே மங்கலாக "பெயர்" என்று எழுதிவிட்டு லேபிளை விட்டுவிடும் படிவங்களில், ஓர் எழுத்து அடித்ததும் அந்தக் குறிப்பு மறைந்துவிடும். நடுவில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டியில் எதை அடித்தோம் என்று அம்மாவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

ஓசூர், தளி, பேரிகை பக்கம் போனால் இன்னொரு சங்கதி. அங்கே ஒரே அறிவிப்பு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருப்பது சாதாரணம். பக்கம் எந்த மொழி, நடுவில் எந்தப் பகுதி வேறு மொழி என்று லாங் குறியில் சொல்லிவிட்டால் திரைவாசிப்பான் குரலை மாற்றிக்கொள்ளும். சொல்லாவிட்டால், அல்லது டெம்ப்ளேட்டில் வந்தபடி "ஆங்கிலம்" என்றே விட்டுவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டு திணறும். சில குரல்கள் அந்த வரியையே விழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். முழுக்கத் தமிழிலேயே எழுதியிருக்கும் எத்தனையோ பக்கங்கள் தம்மை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டு நிற்கின்றன. மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து.

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி பக்கத்து மலை ஊர்களில் சிக்னல் ஒரு கோடு இருந்தால் பெரிது. எச்.டி.எம்.எல். வந்துசேரும், அலங்காரக் கோப்பும் ஜாவாஸ்கிரிப்டும் பாதி வழியில் நின்றுவிடும். அப்போது சரியான குறிகளில் எழுதிய பக்கம் அழகில்லாமல் இருந்தாலும் வேலை செய்யும். தலைப்பு பெரிதாக நிற்கும், அட்டவணை அட்டவணையாகவே இருக்கும், போன் எண்ணுக்குப் போட்ட டெல் இணைப்பைத் தொட்டால் போன் போகும். எல்லாவற்றையும் டிவ்விலும் ஸ்கிரிப்டிலும் கட்டிய பக்கமோ எழுத்துக் குவியலாகக் கிடக்கும், அல்லது வெள்ளையாகவே நிற்கும்.

ஒகேனக்கலுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது, இன்றைக்குப் பரிசல் ஓடுகிறதா என்பதை. பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். தேடினால் "பரிசல் இயக்கத் தடை" என்று தடித்த எழுத்தில் வரும் பக்கம் இந்த ஆடியா போன ஆடியா என்று தெரியாது. "இன்று" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். தேதி படத்துக்குள் இருக்கும், இல்லையென்றால் எங்குமே இருக்காது. டைம் என்று ஒரு குறி இருக்கிறது. மனிதருக்கு "இன்று காலை" என்று காட்டிக்கொண்டே இயந்திரத்துக்கு ஆண்டு, மாதம், நாள், நேரத்தைச் சொல்லும். தேடுபொறிகளுக்கென்றே கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 2011 ஜூனில் ஸ்கீமா டாட் ஆர்க் என்ற பொதுச் சொற்கோவையையும் கொண்டுவந்தன. பக்கம் எப்போது திருத்தப்பட்டது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், நிகழ்ச்சி எந்தத் தேதியில் என்பதையெல்லாம் அதில் குறிக்கலாம். அதைப் போட்டால் தேடலில் மேலே வந்துவிடுவோம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்; கூகுள் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, பென்னாகரம் தாண்டி இறங்கி வந்தபிறகு தடை என்று தெரிந்துகொள்வதைத் தவிர்க்க முடியுமானால், அதுவே எனக்குப் போதுமான காரணம்.

ஒட்டுப்போடுவது பற்றி

இவ்வளவும் கேட்டுவிட்டு, பழைய பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஏதாவது ஒட்டினால் சரியாகிவிடாதா என்று தொழில் நண்பர்கள் கேட்பதுண்டு. ஏரியா (ARIA) என்று அழைக்கும் கூடுதல் குறிகள் அதற்கென்றே இருக்கின்றன. டிவ்வை எடுத்து "இது பட்டன்" என்று அதில் எழுதிவிடலாம். ஆனால் எழுதினால் திரைவாசிப்பான் அதைப் பட்டன் என்று அறிவிக்கும், அவ்வளவே. டேப்பில் நிற்க வைப்பதும் என்டருக்கும் ஸ்பேஸுக்கும் பதில் சொல்ல வைப்பதும் நாமே தனியாக எழுத வேண்டிய வேலை. பட்டன் என்ற குறியைப் போட்டால் அவை எல்லாம் பிரவுசரே தருவது. அதனால்தான் எச்.டி.எம்.எல்.லில் ஏற்கெனவே உள்ளது போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள் என்பதை ஏரியாவின் முதல் விதியாகவே வைத்திருக்கிறார்கள். வெப்எய்ம் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. ஏரியா பயன்படுத்திய பக்கங்களில் சராசரியாகப் பிழைகள் அதிகம் என்பதை அந்தச் சோதனைகள் தொடர்ந்து காட்டுகின்றன.

2025ல் அவர்கள் சோதித்த பக்கங்களில் 94.8 சதவீதத்தில் அணுகல்தன்மைப் பிழைகள், அதாவது மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் பிழைகள், இருந்தன. ஆறே வகைப் பிழைகள்தான் பெரும்பகுதி: பின்னணியோடு கலந்து மங்கும் எழுத்து, விவரம் எழுதாத படம், லேபிள் இல்லாத உள்ளீட்டுப் பெட்டி, உள்ளே ஒன்றும் இல்லாத இணைப்பு, உள்ளே ஒன்றும் இல்லாத பட்டன், மொழி சொல்லாத பக்கம். முதலாவதை விட்டால் மீதி ஐந்தும் மார்க்கப்பில் தீர்ந்துவிடுபவை. பெரிய ஆராய்ச்சியோ செலவோ இல்லாமல் தீரக்கூடியது ஆண்டுக்காண்டு தீராமல் இருப்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009லேயே வந்துவிட்டன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலும் சேவையும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி நடைமுறை தொடர்பான வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கட்டளை மேலே இருக்கிறது. பக்கத்தைக் கட்டுகிறவர் தர்மபுரியிலோ ஓசூரிலோ ஒரு சின்ன அறையில், நாளைக்குள் முடித்துத் தர வேண்டிய அவசரத்தில் இருக்கிறார். டிவ் போட்டால் சீக்கிரம் முடியும் என்று அவர் நினைக்கிறார். டேபிள் போட்டாலும் அதே நேரம்தான் ஆகும் என்பதை அவருக்கு யாரும் காட்டியதில்லை.

மண்டிக்காரர் கடைசியில் ஒத்துக்கொண்டது இதில் எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. விலைப்பட்டியலை அவர் தினமும் அச்சடித்து மண்டிச் சுவரில் ஒட்டுவார். ரகங்கள் கூடும் நாட்களில் பட்டியல் இரண்டாம் தாளுக்குப் போய்விடும். அந்தத் தாளில் தலைப்பு இல்லாமல் எண்கள் நிற்கும், எது முதல் தரம், எது இரண்டாம் தரம் என்று பேனாவால் எழுதி ஒட்டுவார்கள். புதிய பக்கத்தில் தலைப்பு வரிசையைத் தீஹெட் என்ற குறிக்குள் வைத்திருந்ததால், பிரவுசரே இரண்டாம் தாளிலும் அதைத் திரும்ப அச்சிட்டது. "இது நல்லா இருக்கே" என்று அன்றைக்கே புதியதை ஏற்றச் சொல்லிவிட்டார். எந்தக் காரணத்தால் ஏறினால் என்ன. அண்ணன் இப்போது விலைக்காக மண்டிக்குப் போன் போடுவதில்லை. காய் தள்ளுவது பற்றிப் பேசத்தான் போடுகிறார்.

ஆனால் அவருடைய சிக்கல் மண்டியோடு முடியவில்லை. துறைத்தேர்வு ஒன்றுக்கான இணையப் படிவத்தை நிரப்பப் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். பெட்டிக்குப் பெட்டி "எடிட், வெற்று" என்று மட்டுமே திரைவாசிப்பான் சொன்னது. பிறந்த தேதியை நாட்காட்டிப் படத்தில் மவுஸால்தான் தேர்ந்தெடுக்க முடியும். விசைப்பலகையில் அடிக்க விடவில்லை. தவறாக நிரப்பிய பெட்டியைச் சிவப்புக் கோட்டால் மட்டுமே காட்டியது. பதினைந்து வருடத்துக்கு மேல் அரசு வேலை பார்ப்பவர், தன் பெயரையும் பிறந்த தேதியையும் தானே நிரப்ப முடியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், நான் அடித்தேன். கடவுச்சொல்லையும் சேர்த்து.

அன்று இரவே அந்தப் படிவத்தின் மூலக் குறிகளைத் திறந்து, எந்தெந்தப் பெட்டிக்கு லேபிள் இல்லை, எந்தப் பட்டன் டிவ்வாக இருக்கிறது, தேதிப் பெட்டிக்கு எந்தக் குறியைப் போட்டால் விசைப்பலகையில் அடிக்கலாம் என்று வரி எண்ணோடு எழுதி, திருத்திய குறிகளையும் கூடவே வைத்து, படிவத்தின் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. அதையே தமிழில் மனுவாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், கையெழுத்து அண்ணனுடையது. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது.